ஊமைப்படத்தில் செத்தவன் காலை மடக்குகிறானே, இது நிஜப் போரா?

#1 பனங்காடை

வணக்கம். நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். ராத்திரி வேலை முடிந்தபின் பழைய போர்க் காட்சிகளைப் பார்ப்பது ஒரு கெட்ட பழக்கம். நேற்று ஒரு துண்டு கிடைத்தது. 1916, பிரான்ஸ், முதல் உலகப்போரின் சோம் போர். பதுங்குகுழிக்குள் வரிசையாக வீரர்கள் நிற்கிறார்கள், அதிகாரி கையை ஆட்டுகிறார், எல்லோரும் கரையேறி ஓடுகிறார்கள். ஒருவன் மட்டும் மேலே ஏறியதும் குண்டு பட்டு, மண் சரிவில் அப்படியே வழுக்கிக் கீழே வருகிறான்.

முதல் தடவை பார்த்தபோது வயிற்றைப் பிசைந்தது. தொழில் புத்தி சும்மா இருக்குமா, ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தினேன். அடுத்த ஷாட்டில் முள்கம்பி தாண்டிப் புகைக்குள் போகிறார்கள், இரண்டு பேர் விழுகிறார்கள். விழுந்த ஒருவன் கொஞ்சம் கழித்து காலைத் தூக்கி மற்றக் கால்மேல் போட்டுக்கொள்கிறான். திண்ணையில் படுத்த மாதிரி.

இது நடிப்பா? நடிப்பு என்றால் இத்தனை வருடமாக இதைத்தானே எல்லா டிவியிலும் போடுகிறார்கள்? பீரங்கி, சுரங்க வெடி, காயம்பட்டவர்கள், எல்லாமே செட்டா?

#2 தெருவிளக்கு

டைரக்டர் கட் சொல்ல மறந்திருப்பார். 😄

சரி, என் கேள்வியும் ஒன்று. முதல் உலகப்போர் என்றாலே டாங்கிதானே, இந்தப் படத்தில் ஒரு டாங்கிகூட இல்லையே?

#3 ஆபரேட்டர்70

தம்பி பனங்காடை, உங்கள் கண் சரியான கண். அந்த இரண்டு ஷாட்டும் நடிப்புதான். ஆனால் அதை வைத்து முழுப்படத்தையும் தள்ளிவிடாதீர்கள். நான் முப்பத்தெட்டு வருடம் தியேட்டரில் புரொஜக்டர் ஓட்டியவன். ரிட்டயர் ஆனபின் ஊமைப்படங்கள்மேல் பைத்தியம் பிடித்து, இந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் பெயரே 'சோம் போர்' என்பதுதான். எடுத்தவர்கள் இரண்டு பேர்: ஜெஃப்ரி மாலின்ஸ், ஜான் மெக்டவல். 1916 ஜூன் கடைசியில் போர்முனைக்குப் போய், ஜூலை முதல் வாரங்களில் எடுத்தது ஆகஸ்ட் 21ஆம் தேதி லண்டனில் 34 தியேட்டர்களில் ஒரே நாளில் திரைக்கு வந்தது. ஐந்து ரீல், ஒன்றேகால் மணி நேரம். முதல் ஆறு வாரத்தில் சுமார் இரண்டு கோடி டிக்கெட் விற்றது என்பார்கள். அன்றைய பிரிட்டன் ஜனத்தொகையில் கிட்டத்தட்டப் பாதி! நம் ஊரில் வெள்ளி விழா ஓடிய படங்களை எல்லாம் நான் ஓட்டியிருக்கிறேன், இப்படிக் கேட்டதில்லை.

இதில் போர் இன்னும் முடியவில்லை என்பதுதான் விஷயம். சோமில் சண்டை நவம்பர் வரை நடந்தது. திரையில் தெரிகிற ஆட்களில் யார் உயிரோடு இருக்கிறார், யார் இல்லை என்று பார்க்கிறவனுக்கே தெரியாது. தம்பி முகம் தெரியுமா, மகன் முகம் தெரியுமா என்று தேடித்தான் பாதிப் பேர் போனார்கள்.

இப்போது உங்கள் 'செத்தவன்'. அந்த ஷாட் எடுத்தது போர்முனையிலேயே இல்லை. செயின்ட் போல் என்ற ஊர்ப்பக்கம், முனைக்கு நல்ல தூரம் பின்னால், குழிப்பீரங்கிப் பயிற்சிப் பள்ளி ஒன்று இருந்தது, அங்கே எடுத்தது. எப்படித் தெரியும்? நீங்களே பாருங்கள்: குழி ஆழம் போதாது. தாக்குதலுக்குப் போகிறவன் முதுகில் இருக்க வேண்டிய மூட்டை இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, கேமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஸ்டாண்டு போட்ட பெரிய பெட்டி, குழிக்கு வெளியே, தலை உயரத்தில். எதிரி மெஷின்கன் உண்மையாகவே சுட்டுக்கொண்டிருந்தால், வழுக்கி விழுந்தவனுக்கு முன்னால் கேமராக்காரன் விழுந்திருப்பான்.

எனக்கு இருக்கும் ஒரே கோபம் வேறு. இந்த நடிப்பு ஷாட் முழுப்படத்தில் ஒரு சிறு துளி. அதைத்தான் எல்லா டாக்குமெண்டரிக்காரர்களும் வெட்டி எடுத்து ஓட்டுகிறார்கள். நிஜத்தைத் தொட ஆளில்லை.

#4 மழைக்குருவி

ஆபரேட்டர் ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். அந்த ஒரு துளியைத்தான் அன்றைய ஜனங்களும் நிஜம் என்று நம்பி அழுதார்கள். அப்போது பிரிட்டனின் போர் அமைச்சராக இருந்த லாயிட் ஜார்ஜின் செயலாளர் ஃபிரான்சிஸ் ஸ்டீவன்சன், போரில் தம்பியைப் பறிகொடுத்தவர், படத்தைப் பார்த்துவிட்டு டைரியில் எழுதி வைத்திருக்கிறார். அப்படிப்பட்டவர்கள் முன்னால் பயிற்சிப் பள்ளியில் நடித்ததைக் காட்டுவது என்ன நியாயம்?

அரசாங்கத்தின் அனுமதியோடு, ராணுவத்தின் தணிக்கையோடு வந்த படம் இது. ஜூலை 1 ஒரே நாளில் பிரிட்டிஷ் தரப்பில் 57,470 பேர் சேதம், அதில் 19,240 பேர் சாவு. படத்தில் அந்தக் கணக்கு எங்கே? கைதிகள் வருகிறார்கள், டீ கொடுக்கிறார்கள், சிகரெட் கொடுக்கிறார்கள், ஜெயித்த மாதிரிதானே முடிகிறது? நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவள். பிள்ளைகளுக்கு இதை 'ஆவணம்' என்று காட்ட எனக்கு மனசு வரவில்லை.

#5 ஆபரேட்டர்70

அம்மா, நியாயமான கேள்வி. ஜெயித்த மாதிரி ஏன் தெரிகிறது என்பதற்கு ஒரு காரணம் சொல்கிறேன், அது தணிக்கை மட்டும் இல்லை.

இரண்டு கேமராக்காரர்களும் ஒரே இடத்தில் இல்லை. மாலின்ஸ் வடக்கே, போமோன் ஹாமெல் கிராமத்துக்கு எதிரே. அங்கே அன்றைக்குத் தாக்குதல் படுதோல்வி. மெக்டவல் தெற்கே, மமேட்ஸ் பக்கம். அங்கே ஊரைப் பிடித்துவிட்டார்கள். மெக்டவல் கேமரா முன்னால் கைதிகள் வரிசை வரிசையாக வந்தார்கள், கைப்பற்றிய குழிகளுக்குள் போய்ப் படம் எடுக்க முடிந்தது. மாலின்ஸிடம் என்ன இருந்தது? வெடி ஒன்று, தூரத்தில் எறும்பு மாதிரி சில மனிதர்கள், அப்புறம் திரும்பி வந்த காயக்காரர்கள். இரண்டையும் ஒட்டி ரீல் போட்டால் தெற்குப் பக்கம்தான் நிறைய இருக்கும். தோற்ற இடத்தில் கேமராவுக்கு முன்னால் யாரும் வருவதில்லை.

அந்த 'எறும்பு' ஷாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஹாதார்ன் மேட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டி 40,000 பவுண்டு அம்மோனல் வெடிமருந்து, நம் கணக்கில் 18 டன், அடைத்து வைத்திருந்தார்கள். காலை 7.20க்கு வெடி. 7.30க்குத் தாக்குதல். மாலின்ஸ் முன்கூட்டியே கேமராவின் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கிவிட்டார். வெடிக்கும் நேரம் வரவர, பிலிம் தீர்ந்துவிடுமோ என்று அவருக்கு வயிற்றில் புளி கரைத்தது.

இந்தப் பயம் எனக்குப் புரியும். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு அடிக்கு 16 ஃப்ரேம். கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்று சுற்றினால் நொடிக்கு 16 ஃப்ரேம், அதாவது நொடிக்கு ஒரு அடி. நானூறு அடிப் பெட்டி போட்டால் ஆறரை நிமிடம் சொச்சம், அவ்வளவுதான். நிறுத்தினால் வெடியைத் தவறவிடலாம். சுற்றிக்கொண்டே இருந்தால் வெடிக்கிற நேரத்தில் பெட்டி காலி. நான் ஒரு தியேட்டரில் கிளைமாக்ஸ் ரீல் மாற்றும்போது புரொஜக்டர் விளக்கின் கார்பன் அணைந்து, ஜனங்கள் நாற்காலியை உடைத்தது ஞாபகம் வருகிறது. அன்றைக்கு என் கை நடுங்கிய நடுக்கம் இன்னும் மறக்கவில்லை. அது வெறும் சினிமா. அவர் நிலைமையை நினைத்துப் பாருங்கள்.

பூமி எழும்புகிறது பாருங்கள், அது செட் இல்லை. முதலில் தரை வீங்குகிறது, அப்புறம்தான் கிழிகிறது. கறுப்பாக மண் மேலே போய், ஒரு கணம் நின்ற மாதிரி இருந்து, பிறகு கொட்டுகிறது. பிறகு அந்தப் பள்ளத்தை நோக்கிச் சின்னச் சின்ன உருவங்கள் போவது தெரியும். அதுதான் நிஜத் தாக்குதல். யாரும் பார்த்து அழாத ஷாட், ஏனென்றால் முகமே தெரியாது.

#6 ஹவில்தார் கன்னர்

இந்த இழையை இன்றுதான் பார்த்தேன். இருபத்திரண்டு வருடம் பீரங்கிப் படையில் இருந்தவன்.

முதலில் அந்த 7.20 பற்றி. அந்தப் பத்து நிமிடம்தான் அவர்களைக் கொன்றது. 18 டன் வெடித்தால் எதிரிக்கு என்ன அர்த்தம்? 'வரப்போகிறார்கள்' என்று அர்த்தம். இந்தப் பக்கத்து ஆட்கள் போய்ச் சேர்வதற்குள் ஜெர்மன்காரன் பள்ளத்தின் மறுவிளிம்பில் மெஷின்கன்னோடு உட்கார்ந்துவிட்டான். போதாக்குறைக்கு, அந்த முனையில் கனரகப் பீரங்கிகளும் சீக்கிரமே குறியை எதிரியின் பின்வரிசைக்கு மாற்றிவிட்டன. எந்த கன்னரிடம் கேட்டாலும் தலையில் அடித்துக்கொள்வான்.

இரண்டாவது, பீரங்கி ஷாட்கள் செட்டா என்று பனங்காடை கேட்டார். இல்லை. பார்த்தவுடன் சொல்லிவிடலாம். வெற்று மருந்து வெடித்தால் சத்தமும் புகையும் வரும், குழல் பின்னால் வராது. நிஜக் குண்டு போனால் குழல் முழுசாகப் பின்னுக்கு ஓடிவந்து ஸ்பிரிங்கில் முட்டி மறுபடி முன்னே போகும், சக்கரத்துக்கு அடியில் தூசி எழும். இந்தப் படத்தில் 18 பவுண்டர், அதாவது 18 பவுண்டு எடைக் குண்டு போடும் பீரங்கி, சுடும் இடத்தைப் பாருங்கள். குழல் ஓடி வருகிறது. பக்கத்தில் நிற்பவன் உடம்பு குழல் வரும் பாதையை விட்டுத் தானாக ஒதுங்கி நிற்கிறது. அந்த ஒதுங்கல் நடிப்பில் வராது, பழக்கத்தில்தான் வரும்.

9.2 அங்குல ஹொவிட்சர், அதாவது குண்டை உயர வளைத்துப் போடும் பெரிய பீரங்கி, வரும் இடத்தில் முன்னால் பெரிய இரும்புப் பெட்டி ஒன்று இருக்கும். வெடிமருந்துப் பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். அதில் மண். சுமார் 9 டன் மண்ணை அள்ளிக் கொட்டினால்தான் சுடும்போது பீரங்கி முன்பக்கம் தூக்காது. இடம் மாற்றும்போது எல்லாவற்றையும் மறுபடி அள்ளிக் கொட்ட வேண்டும். பீரங்கிப்படை என்றால் பாதி வேலை மண்வெட்டி வேலை என்று எங்கள் உஸ்தாத் சொல்வார்.

ஒரு வாரம் விடாமல் சுட்டார்கள், 15 லட்சம் குண்டுக்கு மேல். அவ்வளவு சுட்டும் முள்கம்பி அறுபடவில்லை. 18 பவுண்டரில் பெரும்பாலும் போட்டது ஆகாயத்தில் வெடித்து ஈயக் குண்டுகளைப் பொழியும் ரகம். அது திறந்த வெளியில் நிற்கும் ஆளைக் கொல்லும். கம்பியை அறுக்க வேண்டுமானால் வெடிக்கும் உயரம் துல்லியமாக அமைய வேண்டும். ஆழக் குழிக்குள் இருப்பவனை அது தொடவே தொடாது. வெடிக்காத குண்டும் ஏராளம், அவசரத்தில் செய்த ஃப்யூஸ். அங்கே விவசாயிகள் இன்றைக்கும் உழும்போது குண்டு எடுக்கிறார்கள்.

அதனால் படத்தில் மலை மலையாகக் குண்டு அடுக்கியிருக்கும் காட்சி வரும்போது எனக்குப் பெருமையாக இருக்காது. இதில் எத்தனை வெடித்திருக்கும் என்றுதான் தோன்றும்.

#7 தெருவிளக்கு

ஹவில்தார் சார், சல்யூட். அப்படியே டாங்கி?

#8 ஹவில்தார் கன்னர்

தம்பி, ஜூலையில் டாங்கி என்ற சாமான் போர்முனையிலேயே கிடையாது. முதல் தடவை இறங்கியது 1916 செப்டம்பர் 15, அதே சோமில், ஃப்ளெர்ஸ், கூர்சலெத் பக்கம். 49 தயாராக இருந்தன, கிளம்பும் இடத்துக்கே 32தான் வந்து சேர்ந்தன, மற்றவை வழியில் படுத்துவிட்டன. அதைத் திரையில் காட்டியது அடுத்த படம், 'ஆங்கர் போரும் டாங்கிகளின் முன்னேற்றமும்', 1917 ஜனவரி.

பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். டாங்கி வருவது கொஞ்ச நேரம்தான், மற்றதெல்லாம் சேறு, குதிரை, சேறு. ஆனால் ஜனங்கள் அதற்காகவே போனார்கள். அதுவரை பத்திரிகையில் படம் வரைந்து கற்பனை செய்துகொண்டிருந்த மிருகம் முதல் தடவை திரையில் நகர்ந்தது. டாங்கி என்ற பெயரே ஏமாற்று வேலை. ரகசியம் வெளியே போகக்கூடாது என்று, இது தண்ணீர்த் தொட்டி என்று சொல்லிச் செய்தார்கள். 'டாங்க்' என்ற பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பார்த்தால் சாய்சதுர உருவம், 28 டன், பின்னால் திருப்புவதற்கு இரண்டு சக்கர வால், கையெறிகுண்டு தங்காமல் உருள மேலே கம்பிவலைக் கூரை. உள்ளே எட்டுப் பேர். இஞ்சின் தனி அறையில் இல்லை, அவர்களோடு நடுவீட்டில். ஓட்டுவதற்கே நாலு பேர் வேண்டும். வேகம் நடக்கிற மனிதன் வேகம்தான், மணிக்கு ஆறு கிலோமீட்டர்கூடப் போகாது, பள்ளமும் மேடுமான தரையில் அதில் பாதி.

படத்தில் அது மெதுவாக ஊர்ந்து வரும்போது ஒரு பக்கம் வீரர்கள் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். தேர் பார்க்கிற மாதிரி.

#9 மழைக்குருவி

ஹவில்தார் சார் சொன்னது உதவியாக இருந்தது, நன்றி. ஆனால் என் கேள்வி இன்னும் நிற்கிறது. ஆபரேட்டர் ஐயா, முகம் தெரியாத நிஜத்தைவிட முகம் தெரியும் பொய்தானே ஜனங்களிடம் வேலை செய்தது?

எதிர்ப்பும் இருந்தது. டர்ஹாம் தேவாலயத் தலைவர் ஹென்ஸ்லி ஹென்சன், இறந்தவர்களின் துயரத்தைக் கேளிக்கை ஆக்குவதா என்று பத்திரிகைக்கு எழுதினார். ஹாமர்ஸ்மித்தில் ஒரு தியேட்டர்காரர், இது பொழுதுபோக்கும் இடம், பயங்கரக் கூடம் இல்லை, இந்தப் படம் இங்கே ஓடாது என்று வாசலில் எழுதிப் போட்டார். அவர்கள் எதிர்த்தது நடிப்பை இல்லை. பிணங்களைக் காட்டியதை.

#10 ஆபரேட்டர்70

அம்மா, அந்தப் பிணங்கள் நிஜம். அதனால்தான் சொல்கிறேன். சாவது போல நடித்தவனைப் பார்த்து அழுதார்கள் என்பது சரி. ஆனால் அதே படத்தில், குழிக்குள் ஒருவன் காயம்பட்ட தோழனை முதுகில் சுமந்துகொண்டு கேமராவை நோக்கி வருகிறான். சுமப்பவன் கண் நேராக நம்மைப் பார்க்கிறது. முதுகில் இருப்பவன் பிழைக்கவில்லை என்று எழுத்து அட்டை சொல்கிறது. அதில் நடிப்பு எங்கே? சுமந்தவன் யார் என்று நூறு வருடமாகத் தேடுகிறார்கள், பல குடும்பங்கள் 'எங்கள் தாத்தா' என்று உரிமை கொண்டாடியிருக்கின்றன.

இன்னொன்று, பள்ளத்துப் பாதை. போமோன் ஹாமெலில் இரண்டு படைகளுக்கும் நடுவில் மேடு மறைத்த ஒரு வண்டிப்பாதை. ஜூலை 1 விடியற்காலை லாங்கஷயர் ஃபியூசிலியர்ஸ் என்ற பிரிட்டிஷ் காலாட்படையின் முதல் பட்டாலியன் அதற்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. மாலின்ஸ் அங்கேயே போய் எடுத்தார். சிலர் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒருவன் சிரிக்கவில்லை, கேமரா கண்ணைச் சந்தித்துவிட்டுச் சட்டென்று வேறு பக்கம் பார்க்கிறான். 7.30க்கு அவர்கள் மேலே ஏறினார்கள். ஏறிய கொஞ்ச தூரத்திலேயே பெரும்பாலோர் விழுந்துவிட்டார்கள்.

அந்த ஷாட்டில் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. அதனால் கிளிப் வெட்டுகிறவர்கள் அதைத் தொடுவதில்லை.

பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காட்டிவிட்டு, எது நடிப்பு என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பனங்காடை கண்டுபிடித்ததை எட்டாம் வகுப்புப் பிள்ளை கண்டுபிடிக்காதா?

#11 தெருவிளக்கு

நம் ஆட்கள் யாராவது உண்டா அங்கே?

#12 ஹவில்தார் கன்னர்

சோமில் இந்தியக் குதிரைப்படை இருந்தது. ஜூலை 14 சாயங்காலம் ஹை வுட் என்ற காட்டுப் பக்கம் டெக்கான் ஹார்ஸ் ஈட்டியோடு பாய்ந்தார்கள். ஹைதராபாத் நிஜாம் காலத்திலிருந்து வரும் ரெஜிமெண்ட் அது. 1916இல் மெஷின்கன் முன்னால் ஈட்டி! காலாட்படை 1915 முடியும்போதே பிரான்ஸிலிருந்து மெசபடோமியாவுக்கு, அதாவது இன்றைய இராக்குக்கு, போய்விட்டது. மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையும் மெசபடோமியாவில் வேலை செய்தது. அதைத் தனி இழையாகப் போடுவோம், இங்கே கலக்க வேண்டாம்.

#13 பனங்காடை

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. வேகம் பற்றி ஒரு சந்தேகம். ஒரு காப்பியில் எல்லோரும் சாப்ளின் மாதிரி குடுகுடுவென்று ஓடுகிறார்கள். கலர் ஏற்றிய இன்னொரு காப்பியில் நிஜ மனிதர்கள் மாதிரி நடக்கிறார்கள். எது சரி?

#14 ஆபரேட்டர்70

நொடிக்கு 16 ஃப்ரேமில் எடுத்ததை 24 ஃப்ரேமில் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். பழைய டிவிக்காரர்கள் அப்படியே ஓட்டினார்கள், போரே கோமாளிக் கூத்து ஆகிவிட்டது. சிலர் ஒன்றுவிட்டு ஒரு ஃப்ரேமை இரண்டாக அச்சடித்துச் சரிக்கட்டினார்கள், அது தத்தித் தத்தி நடக்கும். கையால் சுற்றியது என்பதால் ஒரே ரீலில்கூட வேகம் மாறும். கை சோர்ந்தால் குறையும், குண்டு பக்கத்தில் விழுந்தால் கூடும். 2018இல் டைரக்டர் பீட்டர் ஜாக்சன் குழு இந்த மாதிரிப் பழைய துண்டுகளை எடுத்து, ஒவ்வொரு ஷாட்டுக்கும் தனியாக வேகம் கண்டுபிடித்துச் சரிசெய்தது. அது பெரிய வேலை, ஒப்புக்கொள்கிறேன்.

கலர் மட்டும் எனக்கு ஒட்டவில்லை. அன்றைய பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. நீலம் வெள்ளையாக விழும், சிவப்பு கறுப்பாக விழும். வானம் எப்போதும் வெளிறி இருப்பது அதனால்தான். உதடு, ரத்தம், ஈரச் சேறு மூன்றும் பிலிமில் ஏறக்குறைய ஒரே கறுப்பு. எது எது என்று கலர் போடுகிறவர் ஊகித்துத்தான் போட வேண்டும்.

#15 ஹவில்தார் கன்னர்

வேகம் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. அணிநடை போகும் ஷாட்டை எடுத்துக் கைக்கடிகாரத்தோடு காலடி எண்ணுங்கள். படைக்கு நிமிடத்துக்கு 120 காலடி, அன்றும் அதுதான், எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். மூட்டை சுமந்து சாலையில் போனால் கொஞ்சம் குறையும். 170, 180 என்று வந்தால் காப்பி தப்பு.

#16 பனங்காடை

எண்ணினேன் சார். முதல் காப்பியில் பதினைந்து நொடிக்கு 43 காலடி. யூடியூபில் வேகத்தை 0.75க்கு இறக்கியதும் 32. இரவு ஒன்றரை மணிக்கு நான் விரல்விட்டுக் காலடி எண்ணுவதைப் பார்த்து அம்மா தண்ணீர் குடிக்க வந்தவர் பின்னால் நின்றுவிட்டார். அந்தப் பள்ளத்துப் பாதை ஷாட் ஓடிக்கொண்டிருந்தது. 'யாருடா இவனுங்க, பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி உக்காந்திருக்கானுங்க' என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஆபரேட்டர் ஐயா, முகத்தைத் திருப்பிக்கொள்கிற அந்த ஆளை நான் கண்டுபிடித்தேன் என்று நினைக்கிறேன். இடது பக்கம், இரண்டாவது வரிசை, தொப்பியைக் கண்வரை இறக்கியவன்தானே?

#17 ஆபரேட்டர்70

இல்லை தம்பி, அவனுக்குப் பின்னால் இருப்பவன். இன்னும் நாலு ஃப்ரேம் போங்கள்.